பால்மா டின்னுக்குள் நாற்பத்துமூன்று கலியாணங்கள்

மெமரி காட் வாங்க நஜ்முன் நிஸா டவுனுக்குப் போகிறாள் என்றால், முனீபின் கடையில் அன்றைக்கு ஒரு கதிரை பகல்வரைக்கும் அவளுக்குத்தான். மற்றச் சனம் வரும், கேட்கும், காசைக் கொடுக்கும், போகும். இவள் அப்படியா? உறையைப் பிரித்து, தான் கொண்டுபோன லப்டொப்பில் காட்டைச் செருகி, அதன் வாய்வரைக்கும் படங்களை நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். நிரப்ப ஒரு மணித்தியாலம், பார்க்க இன்னொரு மணித்தியாலம். மேலே அறுபத்துநாலு ஜீபீ என்று எழுதியிருந்தால் உள்ளேயும் அறுபத்துநாலு இருக்க வேண்டும். ஒரேயொரு படம் திறக்க மறுத்தாலும் காட் திரும்பி முனீபின் மேசைக்குப் போய்விடும்.

"ராத்தா, நீங்க காட் வாங்க வாறீங்களா, மாப்பிள்ளை பாக்க வாறீங்களா?" என்று முனீப் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"மாப்பிள்ளை பொய் சொன்னா பள்ளிவாசல்ல வைச்சு விசாரிக்கலாம் தம்பி. காட் பொய் சொன்னா ஆர விசாரிக்கிற?"

முனீப் சிரிப்பான். ஆனால் ஆள் கெட்டிக்காரன். அவள் பார்த்துத் தேறின காட் வந்த பெட்டியை மேசையின் தனி லாச்சியில் வைத்து, மற்றக் கமராக்காரர்களுக்கு "இது நிஸா ராத்தா பாஸ் பண்ணினது" என்று சொல்லி விற்பான்.

இவ்வளவு பிடிவாதமும் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. எல்லாம் மைத்துனி றம்லாவின் கலியாணத்தில் பட்டதுதான். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் நிஸா கமரா தூக்கிய முதல் கலியாணம் அது. யாரோ மலிவு என்று சொன்ன காட்டை நம்பிப் போட்டுவிட்டாள். முதல் முந்நூறு படம் முத்து முத்தாக வந்தது. அதற்குப் பிறகு பெயர் இருக்கிறது, படம் இல்லை. திறந்தால் வெறும் சாம்பல் நிறம். அந்தக் காட்டில் எழுதியிருந்ததில் கால்வாசி இடம்கூட உள்ளே இருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து றம்லாவுக்குத் திரும்பவும் கலியாணச் சேலை உடுத்திப் படம் எடுத்தார்கள். அதற்குள் றம்லாவுக்கு மசக்கை வந்துவிட்டது. அந்த அல்பத்தில் புதுப்பெண் எந்தப் படத்தில் பார்த்தாலும் வாந்தி வரப்போகிற முகத்தோடு நிற்பாள். பெருநாளைக்குப் பெருநாள் அந்தக் கதை வரும். நிஸா எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

குறிஞ்சாக்கேணியில் நிஸாவின் வீடு. அவள் எடுப்பது கலியாணத்தில் பொம்பளைப் பக்கம் மட்டும். அந்தப் பக்கத்துக்கு ஆண் கமராக்காரன் போக முடியாது. அவள் போகிற வீடுகளில் அதில் பேச்சுக்கே இடமில்லை. வாசலில் ஒரு ஓலைப்பெட்டி இருக்கும். உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் தன் போனை அதற்குள் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போனதும் அபாயாக்கள் எல்லாம் கழன்று கதவுக்குப் பின்னால் குவியும். அடேயப்பா, அதற்குப் பிறகு அந்த அறையைப் பார்க்க வேண்டும்! பட்டும் சரிகையும் பூவுமாக, வருசம் முழுக்க அடக்கி வைத்த சிரிப்பு அத்தனையும் ஒரே நாளில் வெளியே வரும். அந்த அறைக்குள் இருக்கிற ஒரே கமரா நிஸாவினுடையது.

மூன்றாம் நாள் அவள் காட்டைக் கொண்டுபோய்ப் பெண்ணின் தாயிடம் கொடுப்பாள். படத்தை அல்ல, காட்டையே. உள்ளங்கையில் வைத்து, "இதில இருக்கிறதுதான் எல்லாம். என்ட கையில ஒண்டும் மிஞ்சல்ல" என்று சொல்ல வேண்டும். அல்பம் அடிப்பதும் அடிக்காமல் பூட்டி வைப்பதும் அவர்கள் பாடு. அந்த ஒரு வாக்கில்தான் அவளுடைய தொழில் நின்றது. நம்பி ஒப்படைத்ததைக் காப்பது; அமானிதம் என்பார்கள் அதை.

அவளுடைய புருசன் கலீலுர் றஹ்மானும் அந்த வாக்கைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டவர். ஓட்டோ ஓட்டுகிறார். நிஸாவைக் கலியாண வீட்டில் இறக்கிவிட்டு, ஆண்கள் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு, அவள் வரும்வரை ஓட்டோவுக்குள் கிடப்பார். வீட்டில் அவள் படங்களைச் சரிபார்க்கிற சின்ன அறைக்குள் அவர் நேரே நுழைந்ததே கிடையாது. வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவார்.

"வரலாமா? உள்ளுக்க ஆரும் இருக்கிறாங்களா?"

லப்டொப்பில் இருக்கிற பெண்கள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி. நிஸா திரையை மூடிவிட்டு, "எல்லாரும் போயிட்டாங்க, வாங்க" என்பாள். பிறகுதான் அவர் பிளேன்டீயைக் கொண்டு உள்ளே வருவார். இப்படி ஒரு மனிசன்!

அந்த மனிசனுக்கும் தெரியாமல் அவள் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள்.

ஐந்து வருசத்துக்கு முன்னால் கப்பல்துறை ஊரில் ஸ்டூடியோவை மூடிய ஒருவரிடம் பழைய கமரா ஒன்று வாங்கினாள். அதில் காட் போட இரண்டு இடம். ஒன்றில் எழுதுகிற படத்தை மற்றதிலும் அப்படியே எழுதிக்கொள்ளும். றம்லாவின் கலியாணத்துக்குப் பிறகு ஒற்றைக் காட்டை நம்பி நித்திரை கொள்ளாதவளுக்கு அது வரமாகவே தெரிந்தது. தாய்மார் காட்டைப் பார்த்து, எல்லாம் சரி என்று சொன்னதும் இரண்டாவதை அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். ஆனால் எந்தத் தாய் பார்த்தாள்? வாங்கினார்கள், நகையோடு சேர்த்து அலுமாரியில் பூட்டினார்கள், அவ்வளவுதான். அங்கே அந்தக் காட்டுக்கு ஏதும் நடந்துவிட்டால்? அழிக்க நிஸாவுக்குக் கை வரவில்லை. ஒரு கிழமை போகட்டும் என்றாள், பிறகு ஒரு மாதம் என்றாள். கடைசியில் ஒரு பால்மா டின்னுக்குள் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, ஈரக்காற்றுப் படாமல் இறுக மூடி, அலுமாரிக்கு மேலே பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஒன்றையாவது திரும்பத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் டின்னுக்குள் நாற்பத்துமூன்று காட் சேர்ந்துவிட்டது. "என்ட கையில ஒண்டும் மிஞ்சல்ல" என்று நாற்பத்துமூன்று தாய்மாரிடம் சொல்லியும் இருந்தாள்.

அந்தத் தாய்மாரில் ஒருத்தி பஸ்மியா. நுஸ்ரத் என்ற பெண்ணின் உம்மா. கமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போகிற ஆள். அவளுடைய முகம் இருக்கிற ஒரே படம் அடையாள அட்டையில். அதிலும் களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி முழித்துக்கொண்டிருப்பாள். மூன்று வருசத்துக்கு முன்னால் மகளின் கலியாணத்தன்று, நுஸ்ரத்தின் கொண்டையில் பூ வைக்கப் போனவளுக்குத் தலையில் இருந்த முந்தானை தோளுக்கு வழுகிவிட்டது. வாயில் இரண்டு கொண்டை ஊசி. யாரோ ஏதோ பகிடி சொல்ல, ஊசியைக் கடித்தபடியே சிரித்தாள். அந்த நேரம் நிஸா கமராவை அமத்திவிட்டாள். பஸ்மியா விரலை நீட்டி, "அடியேய் நிஸா, என்ன எடுக்காத!" என்று கத்தினாள். அதையும் நிஸா எடுத்தாள்.

மூன்றாம் நாள் காட்டை வாங்கும்போது பஸ்மியா மற்றவர்களைப்போல விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையா ஒண்டும் மிஞ்சல்லையே மகள்?" என்று கேட்டாள்.

"இல்ல மாமி."

பஸ்மியா அவளுடைய கன்னத்தைத் தடவி, ஒரு பொட்டலம் தொதல் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அந்த இனிப்பை நிஸா வாயில் வைக்கவே இல்லை.

போன மாதம் பஸ்மியா நித்திரையிலேயே மௌத்தாகிவிட்டாள். நுஸ்ரத் புருசனோடு டோஹாவில். அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கிவிட்டார்கள். கடைசியாக உம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கிடைக்கவில்லை.

இருபது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நுஸ்ரத் நிஸாவின் வீட்டுக்கு வந்தாள். கைக்குட்டை முடிச்சு ஒன்றை அவிழ்த்து மேசையில் வைத்தாள். உள்ளே அந்தக் காட். ஒரு பக்கம் உருகி, குழைந்து, வெள்ளையாக ஏதோ அதில் ஒட்டியிருந்தது. இரண்டாகப் பிளந்தும் இருந்தது.

"உம்மா இத கலியாணச் சேலைக்குள்ள சுத்தி, நாலு பூச்சி உருண்டையும் போட்டு வைச்சிருந்திருக்கா ராத்தா. இதையும் பூச்சி அரிக்குமெண்டு நினைச்சிட்டா போல" என்றாள் நுஸ்ரத். "உருண்டை பட்டு பிளாஸ்டிக் இளகிப்போச்சு. நான் அதப் பாக்காம லப்டொப்பில போட்டு அழுத்தினனான். போகல்ல. இன்னும் அழுத்தினனான். டக்கெண்டு வெடிச்சிட்டுது."

"முனீப்ட கடைக்குக் கொண்டுபோனீங்களா?"

"கொண்டுபோனனான். உள்ளுக்க இருக்கிறது நடுவால வெடிச்சிருக்காம், இனி ஒண்டும் செய்ய ஏலாதாம். ராத்தாட்டப் போய்க் கேளுங்க எண்டார்." நுஸ்ரத் உடைந்த துண்டுகளை விரலால் சேர்த்து வைத்தாள். "உங்கட்ட இருக்காதெண்டு எனக்குத் தெரியும். உம்மா எப்பவும் சொல்லுவா, நிஸா வாக்கு மாறாதவ எண்டு. எண்டாலும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமெண்டு வந்தனான்."

அலுமாரி பக்கத்து அறையில். எழுந்து நாலு எட்டு வைத்துக் கையை நீட்டினால் டின். நிஸாவின் வாய் அதற்கு முன்னால் திறந்துவிட்டது.

"இல்ல மகள். என்ட கையில ஒண்டும் மிஞ்சல்ல."

நுஸ்ரத் தலையாட்டினாள். துண்டுகளைத் திரும்ப முடிந்துகொண்டாள். வாசல்வரைக்கும் அழாமல் போனவள், செருப்புப் போடும்போது நின்றாள். "கொஞ்சம் பொறுமையாப் பாத்திருந்தா வெடிச்சிருக்காது ராத்தா. நான்தான் அழுத்திப்போட்டன். உம்மாட முகத்த நானேதான் உடைச்சுப்போட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு நிஸா மீன்குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். கலீலுர் றஹ்மான் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "என்ன நிஸா, கடலோட சேத்துக் காய்ச்சினீங்களா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் பால்மா டின்னைக் கொண்டுவந்து வைத்து, மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணும் மூக்கும் ஒழுகச் சொன்னாள்.

அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் வாசல்ல நிண்டு இருமினதெல்லாம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"நான் ஒண்டையும் திறந்து பாக்கல்ல. காட்டை எனக்கு நம்பேலாது. ஒரு வீட்டில படம் போச்செண்டா அந்தப் புள்ளைக்கு அந்த நாள் போச்சே, அதுக்குத்தான் வைச்சனான்."

"அத அவங்கட்டச் சொல்லிட்டு வைச்சிருக்கலாமே."

"சொன்னா ஆர் எடுக்க விட்டிருப்பாங்க?"

"இப்ப சொன்னா இனி ஒரு வீட்டிலயும் உங்கள ஏத்த மாட்டாங்க. தெரியுமா?"

"தெரியும்." நிஸா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா அந்தப் புள்ள, உம்மாட முகத்த நான்தான் உடைச்சனெண்டு சொல்லிட்டுப் போகுது. அது உடையல்ல. இந்தா கிடக்கு. இத வைச்சுக்கொண்டு நான் எப்பிடிச் சோறு தின்னிற?"

கலீலுர் றஹ்மான் கையைக் கழுவினார். சாறத்தை உதறிக் கட்டினார். "ஓட்டோவ எடுக்கவா?" என்று கேட்டார்.

பஸ்மியாவின் வீட்டில் நுஸ்ரத் தனியாகத்தான் இருந்தாள். நிஸா லப்டொப்பை மேசையில் வைத்து, டின்னில் இருந்து எடுத்த காட்டைச் செருகினாள். படத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

தோளுக்கு வழுகின முந்தானை. வாயில் ஊசி. கண் இரண்டும் சிரித்துச் சிரித்துச் சின்னதாகிப் போன பஸ்மியா.

நுஸ்ரத் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். திரையில் கையை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். நிஸா அடுத்த படத்தைத் திறந்தாள். விரலை நீட்டிக்கொண்டு, வாய் திறந்தபடி பஸ்மியா.

"இதில என்னமோ சொல்றா" என்றாள் நுஸ்ரத்.

"என்ன எடுக்காத எண்டு கத்தினா."

நுஸ்ரத் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. "உம்மா, உம்மா" என்று திரையைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். நிஸா அவளுடைய முதுகைத் தடவப் போய், தனக்கு அந்த உரிமை இல்லை என்று கையை எடுத்துக்கொண்டாள்.

அழுகை ஓய்ந்த பிறகுதான் கேள்வி வந்தது.

"இது எப்பிடி உங்கட்ட இருந்த?"

நிஸா சொன்னாள். இரண்டாவது காட்டை, டின்னை, மற்ற நாற்பத்திரண்டையும் சொன்னாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"உம்மா உங்கட்டக் கேட்டாவா, மிஞ்சல்லையே எண்டு?"

"கேட்டா. கையப் பிடிச்சுக் கேட்டா."

"நீங்க?"

"இல்லையெண்டு சொன்னன். காலையில உங்கட்டயும் அதத்தான் சொன்னன். என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க மகள். மாமிட்டக் கேக்க எனக்கு இனி ஏலாது."

நுஸ்ரத் திரையைத் தாழ்த்தினாள். காட்டைக் கழற்றித் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பிறகு, நிஸாவின் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வாங்க ராத்தா" என்றாள்.

அடுத்த நாலு நாளும் ஓட்டோ வேறு சவாரி போகவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு நிஸா வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தாயிடமும் அதே கதை, அதே மன்னிப்பு. ஒருத்தி காட்டை வாங்கி அம்மிக்குழவியால் குத்தி நொறுக்கிவிட்டு, "இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். இன்னொருத்தி கதவுக்குள் நின்றே கையை மட்டும் நீட்டினாள். ஒருத்தி, பெட்டிக்குள் வைத்த காட் எங்கே என்றே தெரியாமல் இருந்தவள், நிஸாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதத்துக்குப் பேசியிருந்த இரண்டு கலியாணம் கைவிட்டுப் போனது. றம்லாவுக்கும் கதை எட்டியது. அவள் போன் எடுத்து, "ஊர்ப் பொம்பளையள் எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வைச்சிருக்கிறீங்க மச்சி, என்டது மட்டும் இல்லியே!" என்று ஒரு பாட்டம் ஏசினாள். அந்த நாலு நாளில் நிஸா சிரித்தது அதற்கு மட்டும்தான்.

வியாழக்கிழமை மாலை டின் வெறுமையானது. நிஸாவுக்கு உடம்பு பாரம் குறைந்தது மாதிரி இருந்தது. கமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். இனி எதற்கு எடுக்கப்போகிறோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, விமான நிலையத்துக்குப் போகிற வான் படலைக்கு முன்னால் நின்றது. நுஸ்ரத் இறங்கி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உம்மாட்ட நீங்க சொன்ன பொய்க்கு மன்னிப்புத் தர எனக்கு ஏலாது ராத்தா" என்றாள். "அது உங்களுக்கும் அவவுக்கும் உள்ள கதை. அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்."

"ஓம் மகள்."

"எனக்குச் சொன்னத நான் மன்னிச்சிட்டன்." நுஸ்ரத் கைப்பையைத் திறந்து புதுக் காட் ஒன்றை எடுத்தாள். "முனீப்ட லாச்சியில இருந்து வாங்கினது, நீங்க பாஸ் பண்ணின பெட்டி. இதில உம்மாட ரெண்டு படமும் இருக்கு. எனக்கொண்டு எடுத்திட்டன், என்ட தம்பிட அலுமாரியில ஒண்டு வைச்சிட்டன். இது உங்கட்ட இருக்கட்டும்."

நிஸா கையை நீட்டவில்லை. பின்னுக்கு ஒரு எட்டு வைத்தாள். "என்னட்டயா? என்ன நம்பியா தாறீங்க?"

"அண்டைக்கு நீங்க கேக்காம வைச்சிருந்தீங்க. இண்டைக்கு நான் கேட்டுத் தாறன். அமானிதமா வைச்சிருப்பீங்களா?"

நிஸா முந்தானையில் கையைத் துடைத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒண்டு மட்டும் ராத்தா" என்றாள் நுஸ்ரத், வானில் ஏறும்போது. "பூச்சி உருண்டை போட்டிராதீங்க."

இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். வான் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை நிஸா படலையில் நின்றாள். பிறகு சின்ன அறைக்குள் போய், வறுத்த அரிசியை மாற்றி முடிந்து, டின்னுக்குள் போட்டாள். பழக்கதோசம், காட்டை லப்டொப்பில் செருகி ஒருக்காச் சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். இரண்டு படமும் பிழையில்லாமல் திறந்தன. இந்தத் தடவை மூட அவசரப்படவில்லை. பஸ்மியா விரலை நீட்டி ஏசுவதை வாய்நிறையச் சிரிப்போடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் இரண்டு தடவை இருமல் கேட்டது.

"வரலாமா? உள்ளுக்க ஆரும் இருக்கிறாங்களா?"

"ஓம்" என்றாள் நிஸா. "பஸ்மியா மாமி இருக்கிறா."

கலீலுர் றஹ்மான் பிளேன்டீக் கோப்பையோடு வாசலிலேயே நின்றுகொண்டார்.